பற்றாக்குறை ஒழிந்த மாவட்டம்

எங்கள் முதலாளி ஸப்ரியான் இரண்டு வெல்டர்கள் வேண்டும் என்று அரசாங்கத்திடம் கேட்டார். அவர் செய்த தவறு அவ்வளவுதான். அதற்கு முன்பு எங்கள் ஆலையில் ஒரு வெல்டராவது இருந்தாள்.

யாந்த்ரா ஆற்றங்கரையில் இருக்கிறது ஆலை. பள்ளிக்கூடங்களுக்கும் ரொட்டிக்கடைகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் வெந்நீர் பாய்லர் செய்து கொடுப்போம். ஒரு காலத்தில் வெல்டிங் கொட்டகைக்குள் போனால் யார் யாரென்று தெரியாது; எல்லோரும் முகக்கவசத்துக்குள் இருப்பார்கள். பிறகு சிலர் ஜெர்மனிக்குப் போனார்கள், சிலர் ஆஸ்திரியாவுக்கு, சிலர் கல்லறைக்கு. மிஞ்சியது வெலிச்கா ஒருத்தி. ஐம்பதைத் தாண்டியவள். அதிகம் பேசமாட்டாள். அவளுக்கும் சேர்த்து அவள் கணவன் தோன்யோ பேசிவிடுவான். நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். என் பெயர் மின்ச்சோ, ஸ்டோர் கீப்பர். கிரேன் ஓட்டியவன் இத்தாலிக்குப் போய்விட்டதால் கிரேனும் நான்தான்.

அந்த வசந்தத்தில் எங்கள் ஊர் ஆஸ்பத்திரி புதிய பாய்லர் ஒன்று கேட்டிருந்தது. பழையதில் இனி ஒட்டுப்போட இடமில்லை. குளிர்காலத்துக்குள் கொடுத்தாக வேண்டும். தகடு வெட்டுவது, வளைப்பது எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம். அழுத்தம் தாங்கும் ஜாயிண்டுகளைப் போடும் உரிமம் வெலிச்காவுக்கு மட்டுமே இருந்தது. அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தால் என்ன ஆகும் என்று ஸப்ரியானுக்குப் பயம். அதனால்தான் கேட்டார்.

ஆய்வுக்குழு வந்தது. தலைவி எவ்தோகியா மேடம். அதற்கு முன்பு வெள்ளத் தடுப்பு மன்றத்தில் இருந்தவர். அந்த மன்றத்தின் அலுவலகம் வெள்ளத்தில் போய்விட்டதால் தொழிலாளர் பக்கம் மாற்றியிருந்தார்கள்.

"உங்ககிட்ட வெல்டர் இருக்காங்களா?" என்று கேட்டார்.

"ஒருத்தி இருக்கா மேடம்," என்றார் ஸப்ரியான்.

"அப்புறம் எப்படிப் பற்றாக்குறைன்னு எழுதுனீங்க? பற்றாக்குறைன்னா இல்லாம இருக்கணும்ல?"

"மூணு பேர் வேலைய அவ ஒருத்தியே செய்யறா மேடம்."

"செய்யறாங்களா?"

"செய்யறா."

"அப்ப வேலை நடக்குது."

மேடம் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார். வெலிச்கா குனிந்து வேலை செய்துகொண்டிருந்தாள். பொறி பறந்ததும் மேடம் பின்வாங்கி, "இதுல நெருப்பு வருது," என்று குழுவினரிடம் சொன்னார். அவர்கள் குறித்துக்கொண்டார்கள். சில வாரம் கழித்து முடிவு வந்தது. எங்கள் ஆலையில் பற்றாக்குறை இல்லை. பற்றாக்குறை குறித்த அச்சம் இருக்கிறது. அச்சத்தைப் போக்க மாவட்டத்துக்கு ஒரு மன்றம் தேவை.

திறன்மிகு தொழிலாளர் பற்றாக்குறை ஒழிப்பு மாவட்ட மன்றம் அப்படித்தான் பிறந்தது. எவ்தோகியா மேடமே தலைவர். பழைய பட்டு ஆலை முதலாளியின் மாளிகையை எடுத்துப் பழுதுபார்த்தார்கள். நல்ல மரத்தரை, எரிவாயுச் சூடு, பின்னால் முற்றம். மன்றத்தின் விதிப்படி தொழிலைக் கையால் செய்யும் ஒருவர் உறுப்பினராக இருக்கவேண்டும். மாவட்டம் முழுக்கத் தேடினார்கள். ஒருத்திதான் அகப்பட்டாள்.

ஸப்ரியான் மறுத்துப் பார்த்தார். உதவி கேட்ட நிறுவனம் ஒத்துழைக்க மறுத்தால் ஆலை உரிமத்தையே மறுபரிசீலனை செய்யவேண்டி வரும் என்று மேடம் வருத்தத்தோடு சொன்னார். வெலிச்கா போனாள். வேலை உடுப்பிலேயே, முகக்கவசத்தையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனித்சாவைப் பிய்த்துத் தின்றுகொண்டே அவளிடம் கேட்டேன்.

"என்ன பேசுனாங்க?"

"ஆள் இல்லைன்னு பேசுனாங்க."

"நீ என்ன சொன்ன?"

"வேலை கெடக்குது, நான் கெளம்பட்டுமான்னு கேட்டேன்."

"அதுக்கு?"

"எல்லாரும் எந்திரிச்சு நின்னு கை தட்டுனாங்க மின்ச்சோ." அய்ரான் மோரைக் குடித்து வாயைத் துடைத்தாள். "அப்புறம் அடுத்த வாரமும் வரச் சொன்னாங்க."

முதலில் வாரத்தில் ஒரு நாள் போனாள். பிறகு கிளைக்குழுக்கள் வந்தன. நிதிக்குழு, விழிப்புணர்வுக்குழு, சின்னம் வரையும் குழு. எல்லாக் குழுவிலும் தொழிலாளி ஒருவர் இருக்கவேண்டும், இருந்தவள் இவள். கோடை வந்தபோது அவள் ஆலைக்கு வருவது பண்டிகைபோல ஆகிவிட்டது. பாய்லர் பாதி வாயைத் திறந்தபடி கிடந்தது.

கடற்கரை விடுதி ஒன்றில் பெரிய மாநாடு நடத்தினார்கள். மேடையில் வெலிச்காவை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து மேலே விளக்குப் போட்டார்கள். அவளை அழைத்துக்கொண்டு போனது நான்தான் என்பதால் மேடம் பேசியதை நேரில் கேட்டேன்.

"நண்பர்களே, போன வருஷம் நம்ம மாவட்டத்துல எத்தனை வெல்டர் கொறைச்சல்னு யாருக்கும் தெரியாது. இந்த வருஷம் தெரியும். இது முன்னேற்றம் இல்லையா? அடுத்த வருஷம் ஏன் கொறைச்சல்னும் தெரிஞ்சுக்குவோம். சிலர் அவசரப்படறாங்க. நான் கேக்கறேன், அவசரப்பட்டு ஆளச் சேர்த்துட்டா, ஏன் ஆள் இல்லைங்கறத அப்புறம் எப்படி ஆராய்ச்சி பண்றது?"

பிரஸ்ஸெல்ஸிலிருந்து வந்த விருந்தாளி ஒருவர் உருகிப்போய் வெலிச்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்த முயற்சியில் உங்களுக்கு மகிழ்ச்சிதானே?" என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார். வெலிச்கா தலையை மேலும் கீழும் அசைத்தாள். எங்கள் நாட்டில் அதற்கு இல்லை என்று பொருள். விருந்தாளிக்கு அது தெரியாது. அவருடைய அறிக்கையின் பேரில் மன்றத்தின் காலம் நீட்டிக்கப்பட்டது.

திரும்பி வரும் வழியில் வண்டிக்குள் அவள் விரல்களை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். "கை மரத்துப்போன மாதிரி இருக்கு," என்றாள் கடைசியில். "உக்காந்தே இருந்தா அப்படித்தான்," என்றேன். கை விஷயமாக மட்டும் அவள் சொல்லவில்லை என்பது எனக்குப் புரிந்தது. ஆனால் வேறு என்ன சொல்வது?

இலையுதிர் காலத்தில் பயிற்சி ஆரம்பித்தார்கள். மாளிகையின் மரத்தரையில் நெருப்புக்கு அனுமதியில்லை. ஆகவே நெருப்பில்லாத வெல்டிங் கற்பிக்கப்பட்டது. திரையில் ஒரு கோடு வரும். கையில் கொடுத்த குச்சியால் அதை ஒட்டிக்கொண்டே போகவேண்டும். வேலையில்லாப் படி வாங்குகிறவர்களை எல்லாம் பிடித்து உட்காரவைத்தார்கள். சான்றிதழோடு அவர்கள் எங்கள் ஆலைக்கு வந்தபோது ஸப்ரியான் கண்ணீர் விடாத குறை. வெலிச்கா அன்று தற்செயலாக இருந்தாள். முகக்கவசத்தை இறக்கி ஒரு வெல்டிங் ராடைத் தகட்டில் உரசினாள்.

"ஐயோ, இது சுடுமா?" என்று ஒரு பெண் கேட்டாள். முடிதிருத்தும் கடை வைத்திருந்தவள்.

"சுடும்."

"எங்க கிளாஸ்ல சுடல."

பஸ்ஸைப் பிடிக்க எல்லோரும் ஓடிவிட்டார்கள். ஒருவன் மட்டும் நின்றான். பெயர் ஸ்பாஸ். நாற்பது வயது, அதுவரை மாவுமில்லில் மூட்டை தூக்கியவன். "எனக்கு இது பிடிச்சிருக்கு. இன்னொரு தடவ காட்டுங்கக்கா," என்றான். வெலிச்கா காட்டினாள். சாயங்காலம்வரை அவன் பழைய தகடுகளில் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தான். முதல் கோடுகள் புழுப்போல நெளிந்தன, கடைசிக் கோடு பரவாயில்லை. ஸப்ரியான் அவனுக்கு ரக்கியா சாராயம் ஊற்றிக் கொடுத்தார். ஆலையில் அப்படி ஒரு சிரிப்புச் சத்தத்தைக் கேட்டு வருஷங்கள் ஆகியிருந்தன.

அந்த வாரக் கடைசியில் மன்றத்திலிருந்து ஆணை வந்தது. பயிற்சி பெற்றவர்களில் தொழிலில் ஆர்வம் காட்டிய ஒரே ஆள் ஸ்பாஸ். ஆகவே அடுத்த அணிக்கு அவனே பயிற்சியாளர். அவன் மரத்தரைக்குத் திரும்பிப் போனான்.

ஸப்ரியான் கடைசி முயற்சியாக உஸ்பெகிஸ்தானிலிருந்து அண்ணன் தம்பி இருவரை வரவழைக்கப் பார்த்தார். இருவரும் நல்ல வெல்டர்கள். வெளியாளை எடுக்க வேண்டுமானால் உள்ளூரில் ஆள் இல்லை என்று மன்றம் எழுதித் தரவேண்டும். அவர் போய்க் கேட்டார்.

"எப்படி எழுத முடியும் ஸப்ரியான்? இப்பத்தான ஒரு அணிய முடிச்சு அனுப்பிருக்கோம்?" என்றார் மேடம்.

"அவங்களுக்கு நெருப்பப் பாத்தா பயம் மேடம்."

"அது மனநலத் துறை. நான் அவங்களுக்கு எழுதறேன்."

அண்ணன் தம்பி இருவரும் போலந்துக்குப் போய்விட்டார்கள்.

நவம்பரில் முதல் பனி உறைந்தது. தோன்யோ வீட்டுப் படிக்கட்டில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டான். அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்த வாரமே அங்கிருந்த பழைய பாய்லர் நின்றுபோனது. நான் பார்க்கப் போனபோது அவன் கம்பளித் தொப்பியும் ஓவர்கோட்டுமாகப் படுத்திருந்தான்.

"வா மின்ச்சோ. தயிர் கொண்டுவந்தியா? இங்கயே வை. ஃப்ரிட்ஜுக்குள்ள வெச்சாக் கெட்டுப்போகும், எம் பக்கத்துலதான் ஜில்லுன்னு இருக்குன்னு நர்ஸம்மா சொல்லுது."

"வலிக்குதா?"

"தெரியல. வெறச்சுப்போச்சு. மருந்து மிச்சம்."

பக்கத்துக் கட்டிலில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருந்தார். குடலிறக்க அறுவைக்கு வந்தவர். அந்த வாரக் கடைசியில் நிமோனியாவில் இறந்தார். நல்ல கோட்டைப் போட்டிருந்ததால் அடக்கத்துக்கு வேறு உடை மாற்றவேண்டிய வேலை இருக்கவில்லை.

வெலிச்கா அடக்கத்துக்கும் போனாள். அவருக்கு அவள் எந்த உறவும் இல்லை. திரும்பி வந்து நேராக மன்றத்துக்குப் போய், பாய்லரை முடிக்கும்வரை விடுப்பு வேண்டும் என்று கேட்டாள். நடந்ததை ஸ்பாஸ் எங்களிடம் வந்து சொன்னான்.

"நீங்க இல்லாம கூட்டம் செல்லாதும்மா," என்றாராம் மேடம்.

"அப்ப ராஜினாமா பண்றேன்."

"தாராளமா. உங்க இடத்துக்கு இன்னொரு உரிமம் உள்ள வெல்டரக் கொண்டுவந்து விட்டுட்டுப் போங்க."

"இல்லையே மேடம்."

"பாருங்க, எங்க கஷ்டம் இப்பப் புரியுதா?"

இரவில் வேலை செய்கிறேன் என்று கேட்டாளாம். ஒரே வெல்டரை இரவும் பகலும் வேலை வாங்குவது பற்றாக்குறையை மறைக்கும் செயல். மன்றம் அதற்குத் துணைபோக முடியாது. அப்படிச் சொல்லும்போது மேடத்தின் குரல் தழுதழுத்தது என்றான் ஸ்பாஸ். உண்மையாகவே தழுதழுத்திருக்கும். அவர் கெட்டவர் இல்லை. தோன்யோவுக்கு ஒரு பெட்டி மிட்டாய்கூட அனுப்பியிருந்தார்.

யோசனை வெலிச்காவுக்குத்தான் வந்தது. அவள் ஆலைக்கு வர முடியாதென்றால் பாய்லர் அவளிடம் போகலாமே. ஸப்ரியான் மன்றத்துக்கு எழுதினார்: எங்கள் மாவட்டத்தின் தொழிற்பெருமையை விளக்கும் காட்சிப் பொருளாக, பாதி முடிந்த பாய்லர் ஒன்றை முற்றத்தில் வைக்க விரும்புகிறோம், உறுப்பினர் வெலிச்கா கூட்ட இடைவேளைகளில் நேரடி விளக்கம் தருவார். மேடம் மகிழ்ந்துபோனார். திறந்தவெளி என்பதால் நெருப்புக்கும் அனுமதி கிடைத்தது.

லாரி கிரேனில் பாய்லரைக் கொண்டுபோய் முற்றத்தில் இறக்கினேன். வெலிச்கா இடைவேளைகளில் வெல்டிங் செய்தாள். இடைவேளைகள் கூட்டத்தைவிட நீளமாக இருந்தது வசதியாகப் போயிற்று. அதிகாரிகள் ஜன்னலுக்கு அந்தப்பக்கம் காப்பிக் கோப்பையோடு நின்று பார்த்தார்கள். ஸ்பாஸ் பயிற்சியாளர் என்ற தோரணையில் வெளியே வந்து தகட்டைப் பிடித்துக்கொண்டான். பனி விழுந்துகொண்டிருந்தது. அவள் தோளில் விழுந்தது கரைந்தது, தொப்பியில் விழுந்தது கரையவில்லை. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஜாயிண்டின் பின்னாலேயே நகர்ந்துகொண்டிருந்தாள். ஒரு நாள் முகக்கவசத்தைத் தூக்கி, "முடிஞ்சிருச்சு," என்றாள். அழுத்தச் சோதனை வைத்தோம். ஒரு சொட்டு கசியவில்லை.

ஸப்ரியான் பாய்லரை எடுத்துப்போக வந்தார். மேடம் ஆச்சரியப்பட்டார்.

"எடுத்துட்டுப் போறீங்களா? அது இப்ப மன்றத்தோட காட்சிப் பொருளாச்சே. சொத்துப் பட்டியல்ல ஏத்தியாச்சு."

"ஆஸ்பத்திரில ஜனங்க வெறச்சுக் கெடக்காங்க மேடம்."

"அதத்தான் நானும் சொல்றேன். அவங்கெல்லாம் குணமானதும் இங்க வந்து இதப் பாக்கட்டும். ஒரு நம்பிக்கை வரும்."

ஸப்ரியான் திரும்பி வந்தார். ஆலை வாசலில் நின்று என்னைப் பார்த்து, "ஞாயித்துக்கிழம லாரி கிரேன் சும்மாதான இருக்கும்?" என்று கேட்டார். நான் தலையை இடமும் வலமுமாக ஆட்டினேன். ஆமாம் என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை நடந்துகொண்டிருந்த காலை நேரத்தில் போனோம். மன்றத்தின் காவலாளி கதவைத் திறந்துவிட்டு, "இன்னைக்கும் செய்முறை விளக்கமா?" என்று கேட்டான்.

"ஆமா. தூக்கறது எப்படின்னு," என்றேன்.

பாய்லர் மேலே எழும்பியபோது அவன் கை தட்டினான். ஆஸ்பத்திரியில் ஸப்ரியான் குழாய்களை இணைத்தார், ஜாயிண்டுகளை வெலிச்கா போட்டாள், ஸ்பாஸ் கூடமாட வேலை செய்தான். வெளிச்சம் மங்குவதற்குள் சூடு ஏறத் தொடங்கியது. வார்டு முழுக்கக் குழாய்கள் டக் டக்கென்று சத்தம் போட்டன. தோன்யோ முதலில் தொப்பியைக் கழற்றினான், பிறகு கோட்டை.

"வலிக்குதுடி," என்றான் வெலிச்காவிடம். "இப்பத்தான் நல்லா வலிக்குது."

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கதகதப்பான குழாயில் கையை வைத்துக்கொண்டாள். காலியாக இருந்த பக்கத்துக் கட்டிலை அவள் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை போலீஸ் வரும் என்று ஸப்ரியான் சவரம் செய்துகொண்டு தயாராக வந்திருந்தார். வரவில்லை. மன்றம் அவசரக் கூட்டம் போட்டிருந்தது. உறுப்பினர் என்ற முறையில் வெலிச்காவும் போயிருந்தாள். யார் எடுத்தது என்று ஊகித்தவர்கள் இருந்தார்கள், ஆனால் திருட்டு என்று எழுதினால் பொறுப்பு மன்றத்தின் மேல் வரும். எவ்தோகியா மேடம் எழுந்து பேசினாராம்.

"யோசிச்சுப் பாருங்க. அவ்வளவு பெரிய பாய்லரத் தூக்கணும்னா கிரேன் ஓட்டத் தெரிஞ்சவன் வேணும். கட்டி இறக்கத் தெரிஞ்சவன் வேணும். ஆஸ்பத்திரில அத இணைச்சிருக்காங்க. குழாய் வேலை தெரிஞ்சவன் வேணும், வெல்டர் வேணும். இவ்வளவு திறமைசாலிங்க நம்ம மாவட்டத்துல இருந்திருக்காங்க, அதுவும் ஞாயித்துக்கிழம கூட வேலைக்கு வர்றவங்க! இத நாம கொண்டாடணும். பற்றாக்குறை ஒழிஞ்சிருச்சு நண்பர்களே."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. நாட்டிலேயே பற்றாக்குறையை ஒழித்த முதல் மாவட்டம் என்று தலைநகர் சோஃபியாவிலிருந்து கேடயம் வந்தது. மன்றத்தின் பெயர் உபரித் திறனாளர் மேலாண்மை மன்றம் என்று மாறியது. உபரி இருப்பதால் எங்கள் ஆலை இனி ஆள் கேட்டு விண்ணப்பிக்க முடியாது.

வெலிச்கா அதையும் எங்களிடம் வந்து சொன்னாள். கோபமாகச் சொன்னால்கூடப் பரவாயில்லை. பஸ் நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு, "புது மன்றத்துலயும் நான் உறுப்பினராம்," என்றாள்.

தோன்யோ ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கியதும், ஆஸ்திரியாவில் லின்ஸ் நகரத்தில் வேலை பார்க்கும் எங்கள் ஆலையின் பழைய ஆள் ஒருவனுக்கு அவனே போன் போட்டான். "இங்க இருந்தா நீ கூட்டத்துக்குப் போயிட்டே இருப்ப. அங்க போனா வேலைக்காவது போவ," என்று அவளிடம் சொன்னான். ஸ்பாஸும் சேர்ந்துகொண்டான். ஸப்ரியானிடம் சொல்ல வந்தபோது வெலிச்கா வாசலிலேயே நின்றாள்.

"முதலாளி, நான்..."

"போயிட்டு வா," என்றார் அவர். "நான் கேட்டிருக்கவே கூடாது. ரெண்டு பேர் வேணும்னு வாயத் தொறந்திருக்கக் கூடாது."

அவர்கள் கிளம்பிய காலை பஸ் நிலையத்துக்குப் போனேன். எப்படியோ செய்தி தெரிந்து எவ்தோகியா மேடம் பூங்கொத்தோடும் புகைப்படக்காரரோடும் வந்திருந்தார். பஸ்ஸின் படியில் ஏறி நின்று பேசினார்.

"ஒரு காலத்துல ஆள் இல்லை ஆள் இல்லைன்னு அழுத மாவட்டம் இது. இன்னைக்கு ஆஸ்திரியாவுக்கே ஆள் அனுப்பறோம். இதுக்கு மேல என்ன சாதனை வேணும்?"

டிரைவர் நேரமாகிறது என்று ஹார்ன் அடித்தான். தோன்யோ ஜன்னல் வழியாக, "மேடம், நீங்களும் வர்றீங்களா? அங்க மன்றத்துக்கு ஆள் பத்தலையாம்!" என்று கத்தினான். மேடம் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு கையசைத்தார். வெலிச்கா அவனுக்கு அந்தப்பக்கம் இருந்தாள். பஸ் நகர்வதற்கு முன்பே தூங்கிவிட்டிருந்தாள்.

ஸப்ரியான் ஆலையை மூடுவதென்று முடிவு செய்தார். சட்டப்படி மூட வேண்டுமென்றால் காற்றுத் தொட்டிகளையும் எரிவாயுக் குழாய்களையும் அறுத்து, முனைகளை உரிமம் உள்ள வெல்டர் ஒருவர் அடைத்துக் கொடுக்க வேண்டும் என்றார் பார்வையிட வந்த இன்ஸ்பெக்டர்.

"வெல்டர் இல்லைங்களே," என்றார் ஸப்ரியான்.

"உங்க மாவட்டத்துல உபரின்னு பேப்பர்ல படிச்சேனே?"

"உபரிய அனுப்பிட்டோம்."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிப் பையில் வைத்தார். "அப்ப ஆள் கிடைச்சதும் சொல்லியனுப்புங்க."

ஸப்ரியானும் நானும் தினமும் காலையில் கதவைத் திறக்கிறோம். காப்பி குடிக்கிறோம். மழை வந்தால் ஒழுகும் இடத்தில் வாளி வைக்கிறோம். சாயங்காலம் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறோம். மூடிக் கொடுக்க ஆள் கிடைக்காததால், எங்கள் ஆலை இன்னும் இயங்குகிறது.